யாருடைய ஆள்? காப்பீட்டு சர்வேயர் தொழிலின் வரலாறு

காப்பீட்டின் வரலாறு என்ற பெயரில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி நிறுவனங்களின் வரலாறே. கல்கத்தாவில் 1818ஆம் ஆண்டு ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது, சென்னையில் 1829இல் மெட்ராஸ் ஈக்விட்டபிள் தோன்றியது, 1956இல் ஆயுள் காப்பீடும் 1973 ஜனவரியில் பொதுக் காப்பீடும் அரசுடைமை ஆயின என்று அந்த வரலாறு ஆண்டுகளையும் பெயர்ப்பலகைகளையும் தொட்டுக்கொண்டே நகர்ந்துவிடுகிறது. பிரீமியம் கட்டியவரின் கையிலுள்ள பாலிசி பணமாக மாறுமா, மாறினால் எவ்வளவு என்று முடிவாகும் இடத்தில் நிற்கும் மனிதர் அதில் அநேகமாகத் தென்படுவதில்லை. ஆயுள் காப்பீட்டில் தொகை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுவதால் அப்படியொருவர் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. தீ, கடல், மோட்டார் முதலானவற்றை அடக்கிய பொதுக் காப்பீட்டிலோ இழப்பின் அளவே வழக்குக்குரிய பொருள் என்பதால், அதை நேரில் கண்டு கணக்கிட்டு எழுதித் தர ஒருவர் வேண்டியிருக்கிறது. இந்தியச் சட்டம் அவரை ‘சர்வேயர் மற்றும் இழப்பு மதிப்பீட்டாளர்’ என்று அழைக்கிறது. தமிழ்நாட்டில் சர்வேயர் என்றதும் சங்கிலியோடு நிலம் அளக்க வரும் தாலுகா அலுவலக ஊழியரே நினைவுக்கு வருவார். காப்பீட்டு சர்வேயருக்கு அந்த வசதி இல்லை, அவர் அளக்க வேண்டியது பெரும்பாலும் எரிந்தோ மூழ்கியோ இல்லாமற்போன ஒன்றை. அப்படி அளப்பவர் யாருடைய ஆள் என்ற கேள்வி இத்தொழிலை அதன் தொடக்கத்திலிருந்தே விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது.

தொழிலின் வேர் கடலில் இருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்றச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், எறியப்பட்ட சரக்கின் சொந்தக்காரர் தலையில் மட்டும் நட்டம் விழாமல், தப்பிய கப்பலும் தப்பிய சரக்கும் தத்தம் மதிப்புக்கேற்ப அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் ரோட்ஸ் தீவின் வழக்கம், ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுப்பித்த ரோமானியச் சட்டத் திரட்டில் இடம்பெற்று, பின்னர் ஐரோப்பியத் துறைமுகங்கள் அனைத்திலும் பரவியது. இந்தப் பங்கீட்டுக்குக் கப்பல் வணிகர் வைத்த பெயர் ‘ஜெனரல் ஆவரேஜ்’. ஆவரேஜ் என்ற சொல் இன்று பள்ளிக் கணக்கில் சராசரியைக் குறித்தாலும், அது பழுது என்னும் பொருளுடைய ஓர் அரபுச் சொல்லிலிருந்து இத்தாலியத் துறைமுகங்கள் வழியாக வந்ததாகவே மொழியறிஞர் கருதுகின்றனர். பழுதைப் பலரும் பகிர்ந்துகொண்டதிலிருந்து பிறந்த கணக்கே பிற்காலத்தில் சராசரி ஆயிற்று. பகிர்வைக் கணக்கிட்டவர் ஆவரேஜ் அட்ஜஸ்டர். லண்டனில் 1869ஆம் ஆண்டு சங்கம் அமைத்துக்கொண்ட இவர்கள், தம்மை அமர்த்தியவர் கப்பல்காரரா சரக்குக்காரரா என்பதால் கணக்கு மாறக் கூடாது என்பதைத் தொழிலின் அடிப்படை நெறியாக வைத்துக்கொண்டனர். அந்த நெறி எளிதாக நிலைத்ததற்குக் காரணமும் உண்டு: கடலில் தரப்புகள் பல, இன்று பங்கு கொடுப்பவர் அடுத்த பயணத்தில் பங்கு பெறுபவராகலாம், எனவே நடுநிலைமை எல்லோருக்கும் இலாபமாக இருந்தது.

நிலத்தில் நிலைமை வேறு. 1666இல் லண்டனில் ஏறத்தாழ 13,000 வீடுகளை விழுங்கிய பெருந்தீக்குப் பிறகு, 1680களில் நகர வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்பனைக்கு வந்தபோது, தரப்புகள் இரண்டாகக் குறைந்தன. ஒருவர் பணம் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர், இடையில் சந்தேகம். பணத்துக்காக வீட்டுக்காரரே தீ வைத்துவிடுவார் என்ற அச்சம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு 1774ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமே சான்று: தீயில் சூது இருப்பதாக ஐயம் எழுந்தால், நிறுவனம் தொகையை ரொக்கமாகக் கொடுக்காமல் கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதற்கே செலவிடலாம் என்று அது வழிவகுத்தது. இத்தகைய சூழலில் தீ விபத்தைப் பார்வையிட வந்தவர் நிறுவனம் அனுப்பிய ஆளாகவே பார்க்கப்பட்டார். கடலில் நடுவராக இருந்தவர் தீயில் ஒரு தரப்பின் கண்ணாக மாறினார் எனலாம். அமெரிக்காவில் இதற்கு எதிர்வினையாகக் காப்பீடு செய்தவர் பக்கம் நின்று வாதாடி, கிடைக்கும் தொகையில் சதவீதம் பெறும் ‘பப்ளிக் அட்ஜஸ்டர்’ என்னும் எதிர்த்தரப்புத் தொழிலே உருவாயிற்று.

இழப்பின் அளவைப் போலவே அதன் காரணமும் எவ்வளவு சிக்கலானது என்பதை 1906 ஏப்ரல் 18 அன்று அதிகாலை சான் பிரான்சிஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கம் காட்டியது. நிலநடுக்கத்தைத் தொடர்ந்து நாட்கணக்கில் எரிந்த தீயில் ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. பாலிசிகள் தீக்குப் பொறுப்பேற்றவை, நிலநடுக்கத்துக்கு ஏற்காதவை. போதாக்குறைக்குப் பலவற்றில், தீயல்லாத வேறு காரணத்தால் கட்டடம் இடிந்து விழுந்தால் அந்தக் கணமே காப்பீடு முடிந்துவிடும் என்ற விதியும் இருந்தது. ஆகவே எரிந்து சாம்பலான ஒவ்வொரு மனையிலும், இது விழுந்து எரிந்ததா, நின்று எரிந்ததா என்ற கேள்விக்கு விடை காண வேண்டியவராக அட்ஜஸ்டர் ஆனார். பாலிசிகளும் கணக்கேடுகளும் பல இடங்களில் வீட்டோடும் அலுவலகத்தோடும் சேர்ந்து எரிந்திருந்த நிலையில், புகைப்படங்களும் அண்டை வீட்டார் சாட்சியமுமே துணை. சில நிறுவனங்கள் முழுத் தொகையையும் கொடுத்தன, பல நிறுவனங்கள் பேரம் பேசிக் குறைத்தன, சில கைவிரித்தன. லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையைச் சேர்ந்த கத்பர்ட் ஹீத், விதிகளைப் பாராமல் எல்லோருக்கும் முழுமையாகக் கொடுத்துவிடச் சொன்னதாகக் கூறப்படும் கட்டளை இன்றும் காப்பீட்டுலகில் பெருமையாகப் பேசப்படுகிறது. அந்தப் பெருமை ஹீத்துக்கு உரியதுதான், ஆனால் விதிகளைப் பார்க்காத இடத்தில் மதிப்பீட்டாளருக்கு வேலை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் பொதுக் காப்பீடு கல்கத்தாவில் 1850இல் தோன்றிய ட்ரைட்டன் நிறுவனத்தோடு தொடங்குகிறது. எல்லா வகைப் பொதுக் காப்பீட்டையும் நடத்திய முதல் இந்திய நிறுவனமான இந்தியன் மெர்க்கன்டைல் 1907இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் துறைமுக நகரங்களின் வெள்ளைக்கார ஏஜென்சி ஹவுஸ்கள் பஞ்சையும் சணலையும் அவுரியையும் ஏற்றுமதி செய்துகொண்டே பிரிட்டிஷ் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் முகவர்களாக இருந்தன. பாலிசி எழுதுவதும் இழப்பைத் தீர்ப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் நிறுவனங்களின் வைப்புத்தொகை, முதலீடு, கணக்கு ஆகியவற்றை இறுகப் பிடித்தது, பாலிசி விற்கும் ஏஜென்டுக்கும் உரிமம் வேண்டும் என்றது. இழப்பை மதிப்பிடுபவரைப் பற்றி மட்டும் அது கவலைப்படவில்லை. விற்பவரைக் கண்காணித்து, கொடுக்க வேண்டிய நேரத்தில் கணக்குப் போடுபவரை விட்டுவிட்ட அந்தச் சட்டத்தின் ஓட்டை முப்பது ஆண்டுகள் அடைபடாமலே கிடந்தது.

அதை அடைத்தது 1968ஆம் ஆண்டின் திருத்தம். பொதுக் காப்பீட்டின்மீது ‘சமூகக் கட்டுப்பாடு’ என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட அந்தத் திருத்தத்தின் வழியாகச் சட்டத்தில் நுழைந்த 64யுஎம் என்னும் பிரிவு, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இழப்புக் கோரிக்கை எதையும், உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கையைப் பெறாமல் நிறுவனம் தீர்க்கக் கூடாது என்று விதித்தது. பல நாடுகளில் வழக்கமாகவும் ஒப்பந்தமாகவும் இருந்த ஒன்று இந்தியாவில் சட்டக் கட்டாயமாயிற்று. வெளியாள் ஒருவர் பார்த்து எழுதாமல் பெரிய க்ளெய்ம் எதுவும் நகராது என்ற நிலை பிறந்தது. பொறியியல் பட்டம் பெற்றவர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், காஸ்ட் அக்கவுண்டன்ட், காப்பீட்டுப் பட்டயம் பெற்றவர் ஆகியோரோடு, சட்டம் வந்தபோது ஏற்கெனவே இத்தொழிலில் இருந்தவர்களுக்கும் உரிமம் கிடைக்க வழி இருந்தது. ஆனால் அதே பிரிவில் ஒரு சிறு வாசகமும் சேர்க்கப்பட்டது: சர்வேயர் மதிப்பிட்ட தொகையிலிருந்து வேறுபட்ட தொகைக்குக் கோரிக்கையைத் தீர்க்கும் நிறுவனத்தின் உரிமை இதனால் குறைந்துவிடாது. அறிக்கை இல்லாமல் தீர்க்க முடியாது, அறிக்கைப்படிதான் தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை. இத்தொழிலின் அடுத்த அரை நூற்றாண்டு வழக்குகளில் பல இந்த வாசகத்தின் நிழலில் நடந்தவை.

உரிமம் பெற்றவர் செய்த வேலையின் இயல்பைப் பஞ்சுக் குடோன் ஒன்றின் தீயை வைத்து விளங்கிக்கொள்ளலாம். அழுத்திக் கட்டிய பஞ்சுப் பேல் ஒன்று ஏறத்தாழ 170 கிலோ எடை கொண்டது. மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தீ நாட்கள் கழித்தும் மூளக்கூடியது என்பதால், பேல்களைப் பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். தப்பிய பஞ்சும் நனைந்த பஞ்சும் ‘சால்வேஜ்’, அதாவது விற்றுக் காசாக்கத்தக்க மிச்சம். அதன் விலை இழப்பிலிருந்து கழிக்கப்படும். முழுவதும் எரிந்த பேல்கள் எத்தனை என்பதற்குச் சாம்பல் பதில் சொல்லாது, பேல்களைக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகள் சொல்லும், அவை எரிவதில்லை. பிறகு ஏடுகள்: கொள்முதல் பில், லாரி ரசீது, ஸ்டாக் ரெஜிஸ்டர், வங்கிக்குக் கொடுத்த மாதாந்தர ஸ்டாக் ஸ்டேட்மென்ட். கடன் வரம்பு குறையாதிருக்க வங்கிக்கு இருப்பை உயர்த்தியும், வரிக்கு அஞ்சிக் கணக்கில் தாழ்த்தியும் காட்டும் வணிகரின் இரண்டு எண்களும் ஒரே மேசையில் அருகருகே வந்து உட்காரும் நாள் பெரும்பாலும் சர்வேயர் வரும் நாள்தான். இதற்கும் பிறகு காப்பீட்டுத் தொகையைப் பார்க்க வேண்டும். 10 லட்சம் மதிப்புள்ள சரக்கை 6 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர், மீதி 4 லட்சத்துக்குத் தாமே காப்பீட்டாளராக இருக்கிறார் என்று கொள்ளப்படுவதால், 2 லட்சம் பெறுமான சரக்கு எரிந்தால் அவருக்குக் கிடைப்பது 1,20,000 மட்டுமே. இந்த விதிக்கும் பெயர் ஆவரேஜ். ரோட்ஸ் தீவின் பங்கீடு குடோன் வரை வந்து சேர்ந்த வழி இது. முழு இழப்பும் வரும் என்று நம்பியிருந்த வணிகரிடம் இதை விளக்கிச் சொல்வதைவிடச் சாம்பலைக் கிளறுவது எளிது.

1973 ஜனவரி முதல் நாள் 107 காப்பீட்டு நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்டு, கல்கத்தா, பம்பாய், டெல்லி, சென்னை ஆகியவற்றைத் தலைமையிடமாகக் கொண்டபோது (சென்னைக்கு வந்தது யுனைடெட் இந்தியா), சர்வேயரின் நிலையில் ஒரு முரண் கூர்மையடைந்தது. உரிமம் தருவது அரசு. வேலை தருவது அரசு நிறுவனத்தின் கிளை மேலாளர் வைத்திருக்கும் ‘பேனல்’ என்னும் பெயர்ப்பட்டியல். கட்டணம் தருவதும் அந்நிறுவனமே. சுதந்திரமானவர் என்று சட்டம் சொன்னவரின் அடுப்பு ஒரே முதலாளியின் விறகால் எரிந்தது. அறிக்கையின் தலையில் ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ என்று எழுதும் வழக்கம், அதாவது நிறுவனத்தின் உரிமைகளுக்குப் பங்கம் வராமல் இது தரப்படுகிறது என்னும் முன்குறிப்பு, அந்நிலையை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்வது போலிருந்தது. இத்தனைக்கும் இடையில் நேர்மையாக எழுதிய சர்வேயர்கள் நிறையப் பேர் இருந்தனர் என்றால், அதற்கான பெருமை அவர்களைச் சேருமே தவிர அந்த ஏற்பாட்டைச் சேராது.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், சர்வேயர்களுக்குத் தகுதி, பயிற்சி, துறைவாரிப் பிரிவு, நடத்தை நெறி ஆகியவற்றை வகுத்தது. 2002இன் விதிகள் காலக்கெடுவையும் கொண்டுவந்தன: தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 30 நாட்களுக்குள், சிக்கலான வழக்கானாலும் ஆறு மாதங்களுக்குள், அறிக்கை தர வேண்டும். இன்னொரு பக்கம், 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பாலிசிதாரர் கையில் ஒரு கருவியைக் கொடுத்திருந்ததால் அறிக்கைகள் மன்றங்களில் அலசப்பட்டன. சர்வேயரின் அறிக்கை முக்கிய ஆதாரம், ஆயினும் அதுவே இறுதிச் சொல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் கூறியது. 20,000 ரூபாய் வரம்பு, 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளில் மோட்டாருக்கு 50,000 ஆகவும் மற்றவற்றுக்கு 1 லட்சமாகவும் உயர்ந்தது.

அதே 2015இன் டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சென்னையின் அடித்தள நிறுத்துமிடங்களில் புகுந்து கார்களை மூழ்கடித்தபோது, சான் பிரான்சிஸ்கோவின் பழைய கேள்வி சிறிய உருவில் பட்டறைகளுக்கு வந்தது. வெள்ளத்தில் நனைந்து கெட்ட இருக்கைக்கும் வயரிங்குக்கும் பாலிசி பொறுப்பேற்கும், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானம் கழியும், கண்ணாடியில் கழியாது. இதில் பெரிய தகராறு இல்லை. தகராறு எஞ்சினில். நீர் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருப்பினால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, ஏறிவரும் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். பட்டறையில் இதற்கு ‘ஹைட்ரோ லாக்’ என்று பெயர். வளைந்தது வெள்ளத்தாலா, வெள்ளத்துக்குப் பின் வண்டியைக் கிளப்பியதாலா என்பதைப் பொறுத்தே எஞ்சின் செலவு கிடைப்பதும் மறுக்கப்படுவதும். பின்னது ‘தொடர் இழப்பு’ எனப்பட்டு, தனிப் பிரீமியம் கட்டி எஞ்சின் பாதுகாப்பு வாங்காத சாதாரண பாலிசியில் விலக்கப்பட்டிருந்தது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் ராடை எடுத்து மேசைமேல் வைப்பார். வண்டிக்காரர் அதை வெள்ளத்தின் சான்றாகக் காட்டுவார், நிறுவனத்தின் அலுவலர் அதையே சாவி திருப்பப்பட்டதற்குச் சான்றாகக் காட்டுவார். சர்வேயர் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறதா, ஏர் ஃபில்ட்டர் நனைந்திருக்கிறதா, சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, படிவத்தில் ‘இழப்புக்கான காரணம்’ என்ற கட்டத்துக்கு வருவார். அந்தக் கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும்.