திருச்சிராப்பள்ளியில் தெய்வமும் அரசரும்

காவிரியின் தென்கரையிலுள்ள உறையூர், மலைக்கோட்டை ஆகிய இடங்களிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள திருவரங்கத் தீவிலும் கோயில்களுக்கும் ஆட்சியாளர்களுக்கும் இடையே நிலவிய உறவை இக்கட்டுரை விவரிக்கிறது. சோழர், பல்லவர், பாண்டியர், போசளர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர் என்று இப்பகுதியை ஆண்ட குலங்கள் பல. ஆட்சி மாறினாலும், தெய்வமே இங்கு மெய்யான அரசன், மண்ணை ஆள்பவன் அவனுடைய ஊழியன் என்ற எண்ணம் மாறவில்லை. இந்த எண்ணத்துக்கு ஓர் இணையைப் பண்டைய இஸ்ரவேலரிடம் காணலாம்.

இஸ்ரவேலருக்குத் தொடக்கத்தில் அரசன் இல்லை, கடவுளே அரசர். அண்டை நாட்டாரைப் போலத் தங்களுக்கும் ஒரு மன்னன் வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, தீர்க்கதரிசி சாமுவேல் எச்சரித்ததாக விவிலியம் சொல்கிறது: வருகிறவன் பிள்ளைகளைத் தேர்ப்படைக்குப் பிடித்துக்கொள்வான், நல்ல வயல்களைப் பறிப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வான். அப்படியும் மக்கள் கேட்கவில்லை. சவுல், தாவீது, சாலொமோன் என்று மன்னர்கள் வந்தார்கள். சாலொமோனுக்குப் பின் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடநாடு கி.மு. 722 வாக்கில் அசீரியரிடமும், யூதா கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரிடமும் வீழ்ந்தன.

அரங்கராசன் அவை

திருவரங்கத்துத் தலபுராணப்படி, பள்ளிகொண்ட பெருமாளும் அவருடைய விமானமும் அயோத்தி அரசர்களின் குலதனம். இராமன் அதை வீடணனுக்கு அளிக்க, அவன் இலங்கைக்குப் போகும் வழியில் காவிரித் தீவில் இறக்கி வைத்தான். பிறகு அது அங்கிருந்து அசையவில்லை. இதற்காகத் தவமிருந்தவன் தர்மவர்மா என்னும் சோழன். சோழர் தங்களையும் சூரிய குலத்தவர் என்றே சொல்லிக்கொண்டவர்கள். எனவே இந்தக் கதையில் பெருமாள் விருந்தாளி அல்லர், குடும்பச் சொத்து.

உறவு அதோடு நிற்கவில்லை. உறையூரில் சோழன் மகளாக வளர்ந்த கமலவல்லியை அரங்கன் மணந்ததாக மரபு. ஆண்டுதோறும் பங்குனி ஆயில்யத்தன்று உற்சவரான நம்பெருமாள் பல்லக்கில் உறையூர் நாச்சியார் கோயிலுக்கு எழுந்தருளி அவளோடு சேர்த்தி கொள்கிறார். உத்திரத்தன்று திருவரங்கத்துத் தாயாரான பெரிய பிராட்டியாரின் சன்னதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. பூவும் பழமும் வெண்ணெயும் வீசப்படுகின்றன. கடைசியில் நம்மாழ்வார் சமாதானம் பேசிய பிறகே கதவு திறக்கும். அரசனுக்கு மாமனார் முறை கிடைத்தது. மாப்பிள்ளைக்குக் கிடைத்த வரவேற்பு இது.

அன்றாட வழிபாடும் அரசவை நடைமுறைதான். குடை, சாமரம், பள்ளியெழுச்சி, புறப்பாடு எல்லாம் ராஜ உபசாரங்கள். ஆசாரியரையோ கைங்கரியக்காரரையோ அழைக்கும்போது பெருமாளின் ஆணையாக ‘அருளப்பாடு’ என்று பெயர் சொல்லி உரக்க விளிப்பார்கள். அழைக்கப்பட்டவர் ‘நாயிந்தே’ என்று குரல் கொடுத்து முன்வருவார். இந்த அவையில் மண்ணாளும் மன்னனுக்குக் கிடைப்பது மாலை, பரிவட்டம், தீர்த்தம் ஆகிய மரியாதைகள். அவற்றைப் பெறவும் அரசர்கள் போட்டியிட்டுக் கொடை கொடுத்தார்கள் எனலாம்.

கல்லில் புகழ், கதையில் தீர்ப்பு

மலைக்கோட்டையின் மேல் குகையில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்காதரர் சிற்பத்தைச் செதுக்கி, அதன் இருபுறமும் தன் புகழை வடமொழியில் வெட்டி வைத்தான். திருவரங்கத்தில் முதலாம் பராந்தக சோழன் காலம் முதல் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. 1251இல் பட்டமேறிய முதலாம் சடாவர்மன் சுந்தரபாண்டியன் திருவரங்கக் கோயிலைப் பொன்னால் வேய்ந்து ‘கோயில் பொன்வேய்ந்த பெருமாள்’ என்ற பட்டத்தைப் பெற்றான். படகொன்றில் யானை மேல் தான் ஏறி அமர்ந்து, மற்றொரு படகு அதே அளவுக்கு நீரில் அமிழும் வரை பொன்னையும் மணியையும் அதில் நிரப்பிக் கோயிலுக்குக் கொடுத்தான் என்று திருவரங்கத்தின் வரலாற்றேடான கோயிலொழுகு வருணிக்கிறது.

அரசர்களின் புகழாகக் கல்லிலும் கோயில் ஏட்டிலும் பதிந்தவை இவை. அவர்களைப் பற்றி ஊர் சொன்னது வேறு. மலைக்கோட்டைச் சிவனான தாயுமானவருக்காகச் சாரமா முனிவர் வளர்த்த செவ்வந்திப் பூக்களை ஒருவன் திருடிச் சோழனிடம் சேர்த்தான். முறையிட்டும் அரசன் தடுக்கவில்லை. கிழக்கு நோக்கியிருந்த சிவன் உறையூர்ப் பக்கமாக மேற்கே திரும்ப, மண்மாரி பொழிந்து தலைநகர் அழிந்தது. தாயுமானவர் சன்னதி இன்றும் மேற்கு நோக்கியே இருக்கிறது. உறையூர் வெக்காளியம்மன் கூரையின்றித் திறந்தவெளியில் வீற்றிருப்பதற்கும் இந்தக் கதையையே காரணம் சொல்கிறார்கள். சில பூக்களுக்கு ஒரு நகரம் என்பது கடுமையான கணக்குதான்.

திருவரங்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. வீரசுந்தர பிரமராயன் என்ற ஆட்சியாளன் மதில் கட்டும்போது வைணவ ஆசாரியர் பராசர பட்டரின் சீடர் வீட்டை இடித்தான். பட்டர் கண்டித்தார்; அவன் இணங்கவில்லை; பட்டர் ஊரை விட்டே வெளியேறித் திருக்கோட்டியூரில் தங்கி, அவன் இறந்த பிறகே திரும்பினார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறும். அவற்றின்படி, இராமாநுசரும் ஒரு சோழனின் பகையால் மேல்கோட்டைக்குப் போக நேர்ந்தது. அவருடைய சீடர் கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். அந்தச் சோழன் யார் என்பதில் அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அபகரித்த ஆகாப் மன்னனை எலியா எதிர்கொண்டதும், தாவீதின் குற்றத்தை நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னதும் இதே வகை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இஸ்ரவேலில் அந்தக் கண்டனமே வேதநூலாயிற்று. விவிலியத்தின் இராஜாக்கள் நூல்கள் ஒவ்வொரு மன்னனையும் கர்த்தரின் பார்வையில் செம்மையானதைச் செய்தானா என்ற ஒரே கோலால் அளக்கின்றன. ஒம்ரி என்ற வடநாட்டு மன்னன் அசீரியக் கல்வெட்டுகள் அந்நாட்டையே அவன் பெயரால் குறிக்கும் அளவுக்குப் பெரியவன். விவிலியம் அவனைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. எருசலேமின் சீலோவாம் நீர்ச்சுரங்கத்தில் கிடைத்த புகழ்பெற்ற கல்வெட்டு, இரு முனையிலிருந்தும் குடைந்த தொழிலாளர் நடுவில் சந்தித்ததை விவரிக்கிறது. வெட்டுவித்த அரசன் பெயர் அதில் இல்லை. திருச்சிராப்பள்ளியில் நேர்மாறு: புகழ் கல்லில் ஏறியது, தீர்ப்பு தலபுராணத்திலும் வாய்மொழியிலும் தங்கியது. கல்வெட்டை மட்டும் நம்பி எழுதும் வரலாறு அரசர் பக்கம் சாய்வதற்கு இதுவே காரணம்.

நாற்பத்தெட்டு ஆண்டுகள்

தில்லி சுல்தானகத்தின் தளபதிகளான மாலிக் கபூரின் 1311ஆம் ஆண்டுப் படையெடுப்பும், உலூக்கானின் 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பும் திருவரங்கத்தைத் தாக்கின. இரண்டாவதன்போது மூலவர் கருவறையைச் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, முதிய வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் உற்சவரோடு தெற்கே புறப்பட்டார். மதுரைக்கு அருகே சோதிசுகுடியில் காலமானார். உற்சவர் சேரநாடு, திருநாராயணபுரம், திருப்பதி என்று சுற்றினார். விசயநகர அதிகாரி கோப்பணாரியர் அவரைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து, 1371இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார். இச்செய்தி கோயில் கல்வெட்டில் உள்ளது.

இடைக்காலத்தில் அங்கே வேறொரு உற்சவர் வழிபாட்டில் இருந்ததால், எவர் பழையவர் என்ற கேள்வி எழுந்தது. பழைய பெருமாளின் ஈரவாடையைத் துவைத்து வந்த, இப்போது பார்வையிழந்திருந்த முதிய ஈரங்கொல்லியை அழைத்தார்கள். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஆடையின் நீரைக் கொடுக்க, அவர் சுவைத்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றார். அந்தப் பெயரே நிலைத்தது. அரசனின் தளபதி கொண்டுவந்த தெய்வத்துக்குச் சான்று சொன்னவர் ஒரு சலவைத் தொழிலாளி.

எருசலேம் வீழ்ந்த கி.மு. 586க்கும், பாரசீக மன்னன் கோரேசு யூதர்களை ஊர் திரும்ப அனுமதித்த கி.மு. 538க்கும் இடையிலும் ஏறக்குறைய 48 ஆண்டுகள்தான். அங்கே நாடு கடத்தப்பட்டவர்கள் மக்கள். இங்கே புலம்பெயர்ந்தது தெய்வம்.

அரசர் இல்லாத காலம்

திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்ட பிற்கால நாயக்கர்களில் விசயரங்க சொக்கநாதர் (1706–1732) திருவரங்கத்தில் பெரும் ஈடுபாடு உடையவர். கைகூப்பி நிற்கும் அவருடைய உருவமும் குடும்பத்தாரின் உருவங்களும் கோயிலுக்குள் உள்ளன. அவருக்குப் பின் நாயக்கர் ஆட்சி சில ஆண்டுகளில் முடிந்தது. கர்நாடகப் போரில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் கோயில் மதில்களையே அரணாகக் கொண்டு தங்கி, 1752இல் சரணடைந்தனர்.

அரசர்கள் போன பின்னும் கோயில் பணி நின்றுவிடவில்லை. முன்னைய ஆட்சியாளர்கள் தொடங்கிப் பாதியில் விட்ட தெற்குக் கோபுரத்தை ஊரார் மொட்டைக் கோபுரம் என்றே அழைத்து வந்தனர். வைணவ மடமான அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகிய சிங்கர் அதைக் கையிலெடுத்து, பொதுமக்கள் நன்கொடையில் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரமாக முடித்து, 1987இல் குடமுழுக்கு நடத்தினார். ஒரு நிலைக்கான செலவை ஏற்றவர் இசையமைப்பாளர் இளையராஜா.