மறதியை அளந்தவர்

"சார், ராத்திரி மூணு மணி வரைக்கும் படிச்சேன். ஹால்ல உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து போச்சு சார்."

தேர்வுக் காலம் வந்தால் மாணவர் யாரேனும் ஒருவர் என்னிடம் இப்படிச் சொல்லாமல் இருப்பதில்லை. "மறதி இல்லையப்பா, அக்கறை இல்லை" என்று நானும் கடிந்து அனுப்பியிருக்கிறேன். அது நியாயந்தானா? மறதி மனிதனின் குற்றமா? அல்லது, எறிந்த கல் தரையில் விழுவதுபோல, அதுவும் ஒரு விதிக்கு உட்பட்ட நிகழ்ச்சியா? ஒரு கடிகாரத்தையும் காகிதக் கட்டையும் வைத்துக்கொண்டு இக்கேள்விக்கு விடை தேடினார் ஒருவர். அவர்தாம் ஹெர்மான் எபிங்ஹாஸ்.

1850-இல் ஜெர்மனியின் பார்மென் நகரில் பிறந்த அவர், 1873-இல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸ் நகரில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஃபெக்னர் 1860-இல் வெளியிட்ட நூல் அவர் கையில் கிடைத்தது என்பர். ஃபெக்னர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். வெளியுலகத் தூண்டலுக்கும் மனம் உணரும் அளவுக்கும் கணிதத் தொடர்பு உண்டு என்று காட்டியவர். "புலனுணர்வை அளக்கலாம் என்றால் நினைவை ஏன் அளக்கக் கூடாது?" என்ற எண்ணம் எபிங்ஹாஸுக்குப் பிறந்தது.

ஆனால் அளப்பது எப்படி? செய்யுளைப் படித்தால் ஓசையும் பொருளும் துணைக்கு வந்துவிடும். ஒருவருக்கு எளிதாயிருப்பது மற்றவருக்குக் கடினமாயிருக்கும். எனவே அவர் இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை வைத்து, பொருளற்ற அசைகளை உண்டாக்கினார். நம் மொழியில் சொன்னால் 'ழெப்', 'ஙுல்', 'றீக்' என்பன போன்றவை. இவ்வாறு சுமார் 2,300 அசைகள்! இவற்றைக் கலைத்துப் பட்டியல்களாக்கி, நிமிடத்துக்கு 150 தட்டு வீதம் ஒரே வேகத்தில் உரக்கப் படித்தார். பிழையின்றி ஒப்பிக்கும் வரை படிப்பார். ஆன நேரத்தைக் குறித்துக்கொள்வார். சோதிப்பவரும் அவரே, சோதிக்கப்படுபவரும் அவரே. 1879–80-இல் செய்த சோதனைகளை 1883–84-இல் மீண்டும் தொடர்ந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார்.

அவர் கண்ட அளவுகோல் மிக எளிது. ஒரு பட்டியலை முதன்முறை மனப்பாடம் செய்ய 1,000 வினாடி ஆனதாகக் கொள்வோம். மறுநாள் அதையே மீண்டும் மனப்பாடம் செய்ய 663 வினாடி போதுமானால், மிச்சம் 337 வினாடி, அதாவது 33.7 விழுக்காடு. பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு நினைவிருக்கிறது என்று இதற்குப் பொருள் அல்ல. ஓர் அசைகூட வாயில் வராத போதும் மறுபடிப்பில் நேரம் மிச்சமாகலாம். அதாவது, மறந்துவிட்டோம் என்று நாம் எண்ணும் பாடமும் மனத்தில் ஒரு தடத்தை விட்டுவைக்கிறது!

இனி அவர் கண்ட எண்களைப் பார்ப்போம். சுமார் 20 நிமிடங்களுக்குப் பின் மிச்சம் 58.2 விழுக்காடு. ஒரு மணி நேரத்துக்குப் பின் 44.2. ஒரு நாளுக்குப் பின் 33.7. ஆறு நாளுக்குப் பின் 25.4. 31 நாளுக்குப் பின் 21.1.

இயற்பியல் மாணவர்களுக்கு இதைக் கண்டதும் கதிரியக்கச் சிதைவு நினைவுக்கு வரலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதல் மணி நேரத்தில் 100 என்பது 44 ஆயிற்று. அதே வீதம் தொடர்ந்தால் இரண்டாம் மணி முடிவில் 20-க்கும் குறைந்து, ஒரு நாளில் ஒன்றுமே எஞ்சாது. உண்மையிலோ ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியது. மறதி முதலில் பாய்ந்து வருகிறது. பின்னர் ஊர்ந்து செல்கிறது. இவ்வளைகோட்டை அவர் காலத்தின் மடக்கையைக் கொண்டு ஒரு சமன்பாடாகவும் எழுதினார்.

ஒரே மனிதர், அதுவும் பொருளற்ற அசைகள். இதை நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2015-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அச்சோதனையைத் திரும்பச் செய்தனர். ஒருவர் 70 மணி நேரம் அமர்ந்து பட்டியல்களை மனப்பாடம் செய்தார். ஏறத்தாழ அதே வளைகோடு கிடைத்தது. ஆயினும் அந்த எண்களை நம் பாடங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பொருள் உள்ளது எளிதில் பதியும் என்பதை எபிங்ஹாஸே கண்டார். பைரனின் ஆங்கிலச் செய்யுளை மனப்பாடம் செய்ய, அதே நீளமுள்ள வெற்று அசைகளுக்கு ஆகும் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அவருக்குத் தேவைப்பட்டது.

நாம் ஏன் மறக்கிறோம்? காலம் செல்லச் செல்லத் தடம் அழிவதால் மட்டுமா? 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலென்பாக் என்ற இருவர் இதை ஆராய்ந்தனர். இரண்டு மாணவர்கள் பத்துப் பத்து அசைகளைப் படித்தபின் சில வேளை உறங்கினர், சில வேளை விழித்து வழக்கமான வேலைகளைச் செய்தனர். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, விழித்திருந்தவர்க்குப் பத்தில் ஏறத்தாழ ஒன்றுதான் நினைவிருந்தது. உறங்கி எழுந்தவர்க்கோ பாதியளவு இருந்தது. கழிந்த நேரம் இரண்டிலும் ஒன்றே! எனவே காலம் மட்டும் காரணமன்று. பின்னால் வரும் அனுபவங்கள் முன்னதன் தடத்தின் மேல் குறுக்கிடுகின்றன. நினைவு உறுதிப்பட ஓய்வும் வேண்டும். உறக்கத்தில் மூளை சும்மா இருப்பதில்லை, நினைவுகளை நிலைப்படுத்துகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின.

மாணவர்க்குப் பயன்படும் செய்தி ஒன்று எபிங்ஹாஸின் நூலில் இருக்கிறது. 12 அசைப் பட்டியலை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாளில் பகிர்ந்து 38 முறை படித்ததாலேயே கிடைத்துவிட்டது. உழைப்பு ஏறத்தாழ பாதி, பலன் ஒன்றே. ஒரே நாளில் குடம் குடமாய் ஊற்றுவதைவிட, விட்டுவிட்டுப் பாய்ச்சும் நீரே பயிருக்கு உதவும் என்பது எந்த உழவருக்கும் தெரிந்ததுதானே!

இனி அந்த மாணவனிடம் திரும்புவோம். அவன் சோம்பேறி அல்லன். விடிய விடிய உழைத்தவன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இரவில் திணித்தான். பதிய வைக்கும் உறக்கத்தையும் இழந்தான். அவனைக் கடிந்த நானோ, நடத்திய பாடத்தை மறுநாள் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்க வகை செய்யாதவன். தவறில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது என் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் புதுப் பாடத்துக்கு அன்று. நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்து, நேற்றைய சமன்பாட்டையும் சென்ற வாரத்துச் சமன்பாட்டையும் மாணவர்கள் நினைவிலிருந்து எழுதுகின்றனர். தவறு வந்தால் கோபிப்பதில்லை. மறதியும் ஓர் இயற்கை நிகழ்ச்சி. அதன் விதியை அறிந்தவர்க்கு அதை எதிர்கொள்ளும் வழியும் கிடைக்கும்.