லிகாந்த்ரோபுஸ் (1961 திரைப்படம்)

லிகாந்த்ரோபுஸ், இத்தாலியும் ஆஸ்திரியாவும் கூட்டாகத் தயாரித்து 1961இல் வெளியான கறுப்பு வெள்ளைத் திகில் படம். இயக்கியவர் பாவ்லோ ஹொய்ஷ். திரைக்கதை எர்னெஸ்டோ கஸ்டால்டி. ஓநாய் மனிதன் கதையாக அறியப்பட்டாலும், அடிப்படையில் இது ஒரு துப்பறியும் படம்.

கதை, பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் நடக்கிறது. மருத்துவத் தொழிலில் கறைபட்ட ஜூலியன் ஆல்காட் (கார்ல் ஷெல்) அங்கே ஆசிரியராக வந்து சேர்கிறார். வந்த கையோடு மேரி என்ற மாணவி காட்டில் குதறப்பட்டுக் கிடக்கிறாள். சுற்றிலும் ஓநாய்கள் திரிவதால் பழி அவற்றின் மேல் விழுகிறது. ஆனால் பள்ளியோடு தொடர்புள்ள செல்வந்தர் ஒருவரை, அவர் எழுதிய கடிதங்களைக் காட்டி மிரட்டி வந்தவள் மேரி. அவளுடைய தோழி பிரிசில்லா (பார்பரா லாஸ்) அந்தக் கடிதங்களின் பின்னால் போகிறாள். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது: செல்வந்தர், பள்ளிக் காவலாள், புதிய ஆசிரியர் என்று சந்தேகம் ஒவ்வொருவர் மேலும் மாறி மாறி விழ, பள்ளி இயக்குநர் ஸ்விஃப்ட்தான் ஓநாய் மனிதன் என்பது கடைசியில் தெரிகிறது. சாபமோ மந்திரமோ இல்லை. உடற்சுரப்பிக் கோளாறால் வரும் நோயாகவே படம் இதைக் காட்டுகிறது. ஒப்பனையும் அடக்கமானது. முகத்தை ரோமத்தால் மூடிவிடாமல், நீண்ட பற்களையும் கலைந்த முடியையும் நம்புவதால், மிருகத்துக்குள் இருக்கும் மனிதன் மறையவே இல்லை.

ஸ்விஃப்ட்டாக நடித்த கர்ட் லோவன்ஸ் ஜெர்மன் யூதர். நாஜி ஆக்கிரமிப்பின்போது நெதர்லாந்தில் தலைமறைவாக இருந்து யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற உழைத்தவர். பார்பரா லாஸ் போலந்து நடிகை, ரோமன் பொலான்ஸ்கியின் முதல் மனைவி.

இத்தாலியர் எடுத்த திகில் படத்தை இத்தாலிய ரசிகர்களே நம்பமாட்டார்கள் என்ற எண்ணம் அப்போது இருந்தது. அதனால் ஹொய்ஷ் 'ரிச்சர்ட் பென்சன்' என்றும், கஸ்டால்டி 'ஜூலியன் பெரி' என்றும், இசையமைப்பாளர் அர்மாண்டோ ட்ரோவயோலி 'ஃபிரான்சிஸ் பெர்மன்' என்றும் பெயர் போட்டுக்கொண்டனர்.

1963இல் அமெரிக்காவில் 'வேர்வுல்ஃப் இன் எ கேர்ள்ஸ் டார்மிட்டரி' என்று பெயர் மாற்றி, 'தி கூல் இன் ஸ்கூல்' என்ற துள்ளல் பாட்டையும் ஒட்டி வெளியிட்டார்கள். மலிவான திகிலை எதிர்பார்க்கவைத்த அந்தத் தலைப்பு, படத்தின் துப்பறியும் பின்னலுக்குப் பெரிய அநீதி. கஸ்டால்டியோ அதே பின்னலைத் தொடர்ந்து வளர்த்தார். 1970களின் தொடக்கத்தில் செர்ஜியோ மார்ட்டினோ இயக்கிய ஜாலோ வகைக் கொலை மர்மப் படங்கள் பலவற்றுக்கு எழுதியவர் அவரே.