செவலையோடு ஒரு தேரி நடை

போன பங்குனியில் ஒருநாள் விடியற்காலம் நாலரை மணிக்கு எங்க செவலையைக் கூட்டிக்கிட்டு தேரிக்குள் நடந்தேன். செவலை எங்க வீட்டு நாய். நாட்டு நாய்தான். பதினொரு வயசு ஆகுது. தேரி மண்ணும் அவள் நிறமும் ஒன்று. படுத்துக்கிட்டா, வாலை ஆட்டினால்தான் நாய் எது, மண் எதுன்னு தெரியும்.

இந்த நடைக்கு ஒரு காரணம் உண்டு. தேரி ஓரத்தில் அப்பா விட்டுட்டுப் போன மூணு ஏக்கர் இருக்கு. கொஞ்சம் பனை, கொஞ்சம் முருங்கை, ஒரு கிணறு. மேட்டு மணலில் ஒரு பகுதியும் எங்க பட்டாவில் வரும். அந்த மணலை அள்ளிக்கிட ஒரு விலை பேசி, தரகர் ஒருத்தர் மூணு தடவை வீட்டுக்கு வந்துட்டார். சென்னையில் வேலை பார்க்கிற மகனும், "வெறும் மண்ணுதானப்பா, குடுத்துட்டு கடனை அடைங்க"ன்னு சொல்லுதான். அவன் சொல்றதில் தப்பில்லை, கடன் இருக்கத்தான் செய்யுது. பதில் சொல்றதுக்கு முந்தி, அந்த மண்ணை ஒரு தடவை நின்னு நிதானமாப் பார்த்துரலாம்னு தோணுச்சு.

பட்டணத்தில் இருக்கிற உங்களுக்குத் தேரின்னா என்னன்னு முதல்ல சொல்லிருதேன். தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கிலும், அதை ஒட்டின திருநெல்வேலிக் கடற்கரைப் பக்கத்திலும் இருக்கிற செந்நிற மணல்மேடுகள்தான் தேரி. சாத்தான்குளம், நாசரேத், காயாமொழி, உடன்குடி இந்த ஊர்களுக்கு நடுவில் இருக்கிறது குதிரைமொழித் தேரி. அதுக்குத் தெற்கே இடையன்குடிப் பக்கமும் தேரி உண்டு. கடலை ஒட்டி இருக்கிற மணல்மேடு வெள்ளை. கொஞ்சம் உள்ளே வந்தா ரத்தச் சிவப்பு. ஒவ்வொரு மணலைச் சுற்றியும் இரும்புத் துரு ஒரு தோல் மாதிரி படிஞ்சிருக்கிறதால்தான் அந்த நிறம்.

இந்த மண் எங்கேயிருந்து வந்ததுன்னு ரெண்டு விதமாச் சொல்றாங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்று, மலையடிவாரத்துச் செம்மண்ணைப் புடைச்சுக் கொண்டுவந்து கடலுக்குப் பக்கத்தில் கொட்டுச்சுன்னு ஒரு கணக்கு. கடல் பின்வாங்கினப்போ வெளியே தெரிஞ்ச மணலைத்தான் காற்று மேடாக்கி, அது நாள்பட்டுச் சிவந்ததுன்னு இன்னொரு கணக்கு. எப்படி இருந்தாலும் ஒருநாளில் வந்த மண் இல்லை. பல ஆயிரம் வருஷத்து வேலை.

மண் நகர்றதை எங்க அப்பா கண்ணால பார்த்தவர். ஆடிக் காற்றில் ராத்திரியோட ராத்திரியா வேலி மூடிப்போகும்னு சொல்லுவார். இப்போ வனத்துறை நட்ட மரங்களும், உடை மரங்களும், கொல்லாமரங்களும் வந்த பிறகு மண்ணு பெரும்பாலும் உட்கார்ந்துட்டு.

கிழக்கு வெளுக்கும்போது நாங்க ரெண்டு பேரும் முதல் மேட்டில் ஏறிட்டோம். மணலில் ஏறுறதுன்னா ரெண்டடி வச்சா ஒரடி பின்னால சறுக்கும். செவலை முந்தியெல்லாம் நேரே ஓடி ஏறுவாள். இப்போ பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஏறுறாள். எனக்கும் முழங்கால் அப்படித்தான் சொல்லுது. அவள் போன தடத்திலேயே நானும் ஏறினேன். உண்மையிலேயே லேசா இருந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் மழைத்தண்ணி அரிச்ச ஓடை. அங்கே மணல் போய், அடியில் இறுகின செம்மண் தெரியும். சின்னப் பிள்ளையில் ஆடு மேய்க்கப் போகும்போது அந்த இடத்தில்தான் நாங்க கல்லு பொறுக்குவோம். தேரியில் கல்லே கிடையாது, முழுக்க மணல். அதனால ஒரு கல்லு கிடந்தா பளிச்சுன்னு கண்ணில் படும். நகக்கண் அளவுதான் இருக்கும். ஒண்ணு பிறை மாதிரி, ஒண்ணு பிளேடு மாதிரி, ஒண்ணு முள்ளு மாதிரி. மாங்காய் கீறித் தின்போம். அது என்னன்னு யாருக்குத் தெரியும்?

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு கல்லூரி வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்தப்போதான் விஷயம் தெரிஞ்சது. அதெல்லாம் கற்கால மனுஷன் செதுக்கின நுண்கற்கருவிகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி பிரிட்டிஷ் காலத்திலேயே இந்தப் பக்கம் வந்து சேகரிச்சிருக்கார். அப்புறம் சோய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் தேரிகளைச் சுற்றிப் பார்த்து 1956ல் தொல்லியல் துறையின் இதழில் விரிவா எழுதினாங்க. அந்தக் காலத்தில் கடல் மட்டம் இப்போதைவிட உயரமா இருந்ததுன்னும், இந்தக் கருவிகள் சுமார் கி.மு. 4000ஐ ஒட்டினவைன்னும் அவங்க கணிச்சாங்க. கடலோரக் கழிப் பக்கம் வேட்டையாடி, மீன் பிடிச்சு வாழ்ந்த கூட்டம். கல்லை அம்புமுனையாவும் கத்தியாவும் கம்பில் பதிச்சு வச்சிருக்காங்க.

நாங்க மாங்காய் கீறின கத்தியை ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால ஒருத்தன் மீன் கீற வச்சிருந்திருக்கான்! அவன் கூடவும் ஒரு செவலை நடந்திருக்குமோ என்னமோ. இந்த மண்ணில் கல்லு மட்டும்தான் மிஞ்சியிருக்கு.

ஒன்பது மணி தாண்டவும் மணல் சுட ஆரம்பிச்சது. எங்க ஆச்சி காலத்தில் செருப்பு கிடையாது. கையில் ஒரு கொத்து குழை வச்சிருப்பாளாம். கால் பொறுக்காதப்போ அதைக் கீழே போட்டு மேலே நின்னுக்கிடுவாளாம். பிறகு எடுத்துக்கிட்டு அடுத்த நிழலுக்கு ஓட்டம். செவலை அதுக்கு வேற வழி வச்சிருக்காள். ஒரு உடை மரத்து நிழலில் நின்னு முன்னங்காலால் பரபரன்னு தோண்டினாள். ஒரு முழம் போறதுக்குள்ள மண் கருஞ்சிவப்பா மாறிட்டு. ஈரம்! அதில் வயித்தை வச்சுப் படுத்துக்கிட்டாள். நானும் கையை வச்சுப் பார்த்தேன். ஜில்லுன்னு இருந்தது. மழை பெய்ஞ்சு மூணு மாசம் ஆகியிருந்தது.

என் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைச்சது. தேரியில் மழை பெய்தா தண்ணி ஓடாது. அப்படியே உள்ளே இறங்கிரும். மேல் மணல் காய்ஞ்சு போர்வை மாதிரி மூடிக்கிடும், வெயில் அடியில் இருக்கிற ஈரத்தைத் தொட முடியாது. அது மெதுவா இறங்கி, பள்ளமான இடத்தில் ஊற்றா வரும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பாருங்க. சுற்றிலும் மணல்காடு, நடுவில் சுனைத் தண்ணி. அய்யனாருக்குப் பேரே 'சுனையைக் காத்தவர்' என்பதுதான். எங்க முன்னோருக்கு எதைக் காக்கணும்னு தெரிஞ்சிருக்கு.

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலிலும் இதே கதைதான். டிசம்பரில் நடக்கிற கள்ளர் வெட்டுத் திருவிழாவில் தேரியில் வச்சு இளநீரை வெட்டுவாங்க. அந்தத் தண்ணி பட்ட மண்ணை அள்ள அவ்வளவு கூட்டம் மோதும். மடியில் முடிஞ்சு கொண்டுபோய் வீட்டிலும் வயலிலும் போடுவாங்க. வெளியூர்க்காரங்க கைப்பிடி மண்ணுக்கு வந்து நிக்காங்க. நான் லாரிக் கணக்கில் குடுக்க யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

திரும்பி வரும்போது ஒரு விடிலியில் உட்கார்ந்தோம். பதனி காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க. "அண்ணாச்சி, நாய்க்கும் ஒரு பட்டை ஊத்தவா?"ன்னு கேட்டார் பனையேறி. செவலை ஓலைப்பட்டையை நக்கித் தீர்த்துட்டாள். இந்த மண்ணில் வேற எது கருகினாலும் பனை நிக்கும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே இந்த மணல்தான்.

தேரியில் நடந்தவங்கன்னா கால்டுவெல்லைச் சொல்லாம முடியாது. அயர்லாந்தில் 1814ல் பிறந்தவர். 1838ல் சென்னை வந்து, 1841ல் அங்கேயிருந்து பெரும்பாலும் கால்நடையாவே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தேரி ஓரத்து இடையன்குடியில் தங்கிட்டார். அங்கே கட்டின கோயில் வேலை 1847ல் ஆரம்பிச்சு 1880ல்தான் முடிஞ்சது. பனையேறிகளைப் பற்றி 1849ல் அவர் எழுதின புத்தகத்தை எங்க பக்கத்து மக்கள் கடுமையா எதிர்த்தாங்க, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதின மனுஷன், இந்தப் புழுதியில் நடந்துதான் எழுதினார். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தவரும் அவர்தான். முத்துக் குளிச்ச துறைமுகம் கொற்கை இன்னைக்குக் கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே நிக்குது. மார்க்கோ போலோ வந்திறங்கின காயலுக்கும் அதே கதி. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தையே தூர்த்துட்டு. எங்க பக்கத்தில் மண்ணு நகர்ந்தா ஊரோட விதியும் நகரும்.

2007ல் அப்படி ஒரு நேரம் வந்தது. தேரி மண்ணில் இல்மனைட் உண்டு. மழை பெய்ஞ்ச மறுநாள் கறுப்புக் கோடு கோடாத் தெரியும். அதிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்க சாத்தான்குளம் வட்டாரத்தில் பெரிய ஆலைத் திட்டம் வந்தது. நிலம் போயிரும், தண்ணி போயிரும்னு ஊர் ஊரா மக்கள் எதிர்த்தாங்க. திட்டம் நின்னுபோச்சு. அன்னைக்குக் கூட்டத்தோட கூட்டமா நானும் நின்னேன். பெரிய கம்பெனி கேட்டப்போ தரமாட்டேன்னு சொன்னவன், ஒரு தரகர் கேட்டதும் யோசிச்சிருக்கேன். கடன் மனுஷனை அப்படி ஆக்கிருது.

வீடு திரும்பினதும் நேரே எங்க கிணத்துக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடிச்சேன். இன்னும் நல்ல தண்ணிதான். கிழக்கே போகப் போகக் கிணறெல்லாம் உப்பேறிக்கிட்டு வருது. நல்ல தண்ணி கீழே அழுத்தி நிக்கிற வரைக்கும்தான் கடல் தண்ணி உள்ளே வராது. எங்க கிணத்துக்கு அந்த அழுத்தத்தைக் குடுக்கிறது மேற்கே நிக்கிற மேடு. அதை லாரியில் ஏத்திட்டா என் கிணறு மட்டுமில்லை, பக்கத்துக் காட்டுக்காரங்க கிணறும் போகும்.

அன்னைக்குச் சாயந்தரமே தரகருக்குப் போன் போட்டு, "வேண்டாம் அண்ணாச்சி, இனி வராதீங்க"ன்னு சொல்லிட்டேன். மகனுக்கு வருத்தம்தான். "கடனுக்கு என்னப்பா செய்யப் போறீங்க?"ன்னு கேட்டான். முருங்கையைப் பார்த்துத்தான் சொல்லணும்னேன். கடன் அப்படியே நிக்குது. மேடும் நிக்குது.

தேரி பார்க்க வரணும்னா மழை முடிஞ்ச மார்கழி, தை மாசத்தில் வாங்க. மணல் இறுகி நடக்க லேசா இருக்கும். கல்லு கண்டா கையில் எடுத்துப் பாருங்க, பார்த்துட்டு அதே இடத்தில் வச்சிருங்க. கூட நடக்க நான் வருவேன். செவலைக்கு அதுவரைக்கும் முடியும்னா அவளும் முன்னால நடப்பாள்.