தோளில் ஏறி வந்த சோறு

பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவில் இறங்கி, வடக்கே ஜார்ஜ் டவுனை நோக்கித் திரும்பும் பயணியை வழியில் எதிர்கொள்ளும் ஊர் ஜெலுத்தோங். ஒரு காட்டு மரத்தின் பெயரைத் தாங்கிய இவ்வூரின் சாலையோரங்களிலும் பினாங்கின் புகழ்பெற்ற உணவாகிய நாசி கண்டாரின் மணம் கமழ்கின்றது. பெருநகரங்களிலிருந்து பல மணி நேரம் காரோட்டி வருவோரும் இச்சோற்றுக்காக வரிசையில் நிற்கின்றனர். ஆயின், உண்போரைத் தேடி இவ்வுணவே நடந்து சென்ற காலம் ஒன்றிருந்தது.

மலாய் மொழியில் 'நாசி' என்பது சோறு. 'கண்டார்' என்பது தோளில் தடி வைத்துச் சுமத்தல். தமிழர் காவடி என்றும் காவுதடி என்றும் வழங்கும் அதே கருவிதான் அது. தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடையும் மறுமுனையில் குழம்புப் பாத்திரங்களும் தொங்க, தமிழ் முஸ்லிம் வணிகர் துறைமுகக் கூலிகளிடம் சென்று விற்றனர். இராமநாதபுரம் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்தோர் அவர்களுள் பலர். விடியலில் மூட்டை தூக்கச் செல்லும் தொழிலாளிக்கு விலை குறைந்ததும் வயிறு நிறைப்பதுமான உணவு தேவைப்பட்டது. அத்தேவையே இவ்வணிகத்தை வளர்த்தது.

காலப்போக்கில் தடி தோளைவிட்டு இறங்கிற்று. மரநிழலிலும் சீனர் காப்பிக்கடை ஓரத்திலும் வணிகர் நிலைகொண்டனர். கேம்பல் வீதியில் 1907ஆம் ஆண்டு தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடைபெறுகின்றது. 1969இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுக உரிமையை இழந்தது; 1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை எழுந்தது; 1985இல் பாலம் திறக்கப்பட்டது. உழைப்பாளரும் பயணிகளும் செல்லும் வழிகள் மாறின. நகருக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையே அமைந்த ஜெலுத்தோங்கின் சாலை, இம்மாற்றங்களுக்கெல்லாம் சாட்சியாயிற்று. கோழி, மீன், ஆட்டிறைச்சி எனப் பல குழம்புகளை ஒன்றாகக் கலந்து ஊற்றும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இத்தகைய வரலாறு பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரில், ரொட்டியிடை வைத்த தொத்திறைச்சியின்மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றிக் கார்த் தொழிலாளருக்கு விற்றவர்கள் கிரேக்கக் குடியேறிகள். 1921இல் விச்சிட்டா நகரில் தோன்றிய 'ஒயிட் காசில்' கடை, ஐந்து சென்ட் விலைக்குப் பர்கரை விற்றது. இன்று அத்தகைய பழைய கடைகளை நாடி மக்கள் நெடும்பயணம் செய்கின்றனர். ஏழையின் பசிக்குப் பிறந்த உணவு பிற்காலத்தில் ஊரின் பெருமையாவது உலகியல்பு போலும்!

எனினும், பெருமை சேரும்போது சுமந்தவர் மறக்கப்படுதல் தகாது. கடை நிறுவியோர் சிலரின் பெயர்கள் எஞ்சியுள்ளன. காவுதடி சுமந்து வீதிதோறும் நடந்த எண்ணற்றோரின் பெயர்கள் எழுதப்படவில்லை. அவர்தம் உழைப்புக்கு நினைவுச் சின்னமாக நிற்பது 'கண்டார்' என்னும் மலாய்ச் சொல் ஒன்றே. அதைத் தமிழில் விரித்து எழுத வேண்டிய கடமை நமக்குண்டு. முதியோர் நினைவில் உள்ளவற்றை மாணவர் கேட்டறிந்து ஏட்டில் பதித்தால், பினாங்குத் தமிழர் வரலாற்றில் ஒரு வெற்றிடம் நிரம்பும். சோற்றைச் சுவைக்கும் நாவு, அதைச் சுமந்த தோளையும் நினைக்கட்டும்.