ஓட்டுக்கு அடியில் ஒரு வரலாறு: மெட்ராஸ் டெரஸும் தளத்தை வலுவூட்டும் முறைகளும்

ஓடு பதித்த தளத்தின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது ஓடன்று. அதன் அடியிலுள்ள படுகையே. குடியேற்ற ஆட்சிக்காலச் சென்னையில் பரவலாகக் கட்டப்பட்ட 'மெட்ராஸ் டெரஸ்' கூரை இதற்குச் சான்றாகும்.

இம்முறையில் தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்கள் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திவைத்துக் கோணவாட்டில் அடுக்கப்பட்டன. அவற்றின்மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை விரிக்கப்பட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் பல நாட்கள் அடித்து அதனை இறுக்கினர். அதன் பின்னரே தட்டோடுகள் பதிக்கப்பட்டன. காரைக்குள் கம்பியோ வலையோ இல்லை. அடித்து இறுக்கும் கூட்டுழைப்பே அதன் வலுவூட்டலாக அமைந்தது.

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்கும், 1867இல் ஜோசப் மோனியே இரும்புவலை பொதிந்த சிமெண்டுத் தொட்டிகளுக்கும் காப்புரிமை பெற்றனர். இவ்வழியில் வளர்ந்த தொழில்நுட்பம் விரிசலைத் தடுக்கும் பணியை உழைப்பிடமிருந்து வலைக்கு மாற்றியது. இன்று ஓடு பதிக்குமுன், விரிசல் தோன்றக்கூடிய இணைப்புகளில் கோழிவலையோ கண்ணாடியிழை வலையோ பொதிக்கப்படுகிறது. சிமெண்டு விரைவில் இறுகுவதால் பல நாள் அடிப்பும் தேவையற்றதாயிற்று.

எனினும் பழைய கட்டடங்களில் இவ்விரு முறைகளையும் கலப்பது தீங்கு பயக்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளிவிடும். சிறு அசைவுகளுக்கு இசைந்துகொடுக்கும். அதன்மேல் இடப்படும் இறுகிய சிமெண்டுப் பூச்சு ஈரத்தை அடியில் தேக்கி, தேக்குக் கட்டைகளையும் மக்கச் செய்யக்கூடும். ஆகவே மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்பது தோற்றத்தை மட்டுமன்றி, கண்ணுக்குப் புலப்படாத படுகையையும் அதனை உருவாக்கிய தொழிலறிவையும் காப்பதாகும்.