சுரங்கத்துக்குப் போன ஜாக்கி

ஆண்டகளூர் கேட் ஓரமாக லாரி பஞ்சராகி நின்றால், கிளீனரின் கை முதலில் தேடுவது ஜாக்கியை. ராசிபுரம், நாமக்கல் பக்கத்து லாரிக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். பாரத்தைத் தூக்கவேண்டும், தூக்கிய பின் அசையக்கூடாது. இதே வேலைக்கென்று இந்தியாவில் செய்யப்பட்ட 7,080 ஜாக்கிகள் ஜெனீவா போய்ச் சேர்ந்தன. உலகின் மிகப் பெரிய துகள் மோதுவியின் காந்தங்களை அவைதான் தாங்கி நிற்கின்றன.

1996இல் இந்திய அணுசக்தித் துறையும், ஜெனீவா அருகே இந்த மோதுவியை அமைத்த செர்ன் ஆய்வகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து இந்தப் பயணம் தொடங்குகிறது. மோதுவிக்கு வேண்டிய கருவிகளையும் ஆள்பலத்தையும் இந்தியா தர ஒப்புக்கொண்டது. ஜாக்கியை வடிவமைத்தது இந்தூரில் உள்ள, இன்று ராஜா ராமண்ணா பெயரைத் தாங்கிய ஆய்வு மையம். பெங்களூரின் அவசரளா நிறுவனமும் இந்தூரின் இந்தோ-ஜெர்மன் டூல் ரூமும் அவற்றைச் செய்துகொடுத்தன.

அங்கிருந்து கடல் கடந்து, தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையச் சுரங்கத்துக்குள் இறங்கின. புரோட்டான்களை வளைக்கும் காந்தங்கள் 1,232. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், ஏறத்தாழ 35 டன் எடை. ஒரு காந்தத்துக்கு மூன்று ஜாக்கிகள். அத்தனை எடையையும் 0.05 மி.மீ. நுணுக்கத்தில் நகர்த்தி நிறுத்த அவற்றால் முடியும்.

அவ்வளவு நுணுக்கம் எதற்கு? புரோட்டான் கற்றை நொடிக்கு 11,000 தடவைக்கு மேல் வளையத்தைச் சுற்றுகிறது. கற்றையைக் குவிக்கும் காந்தம் சற்றே விலகினாலும், ஒவ்வொரு சுற்றிலும் கற்றை தடம் மாறித் தள்ளப்படும். அதைத் திருத்தச் சிறு காந்தங்கள் உண்டு. ஆனால் அவற்றின் பலத்துக்கும் எல்லை உண்டு. பூமியும் சும்மா இருப்பதில்லை, சுரங்கத்தின் தரை மெல்ல அசைகிறது. ஆகவே எந்திரம் ஓய்ந்திருக்கும் மாதங்களில் அளவையாளர்கள் காந்தங்களை அளந்து, விலகியவற்றை இந்த ஜாக்கிகளைக் கொண்டே இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

காந்தங்கள் பெரிதாக விலகிய நாளும் உண்டு. 2008 செப்டம்பர் 19 அன்று காந்தங்களுக்கு இடையிலிருந்த மின் இணைப்பு ஒன்று பழுதாகி, அவற்றைக் குளிர்விக்கும் ஹீலியம் பீறிட்டு, டன் கணக்கான காந்தங்கள் இடம்பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே கொண்டுவர நேர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் கற்றை மீண்டும் சுற்றியது. 2012இல் ஹிக்ஸ் துகள் அகப்பட்டது. திட்டமிட்ட மோதல் வீதத்தை 2016 ஜூனில் எட்டிய எந்திரம், அடுத்த ஈராண்டுகளில் அதன் இரு மடங்கைத் தொட்டது.

மோதல்களை இன்னும் பெருக்கும் மேம்பாட்டுப் பணி இப்போது நடக்கிறது. அதற்காக வளையத்தில் மாற்றப்படுவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பகுதிதான். மீதி நீளத்தில் பழைய காந்தங்களே தொடரும். வரப்போகும் கண்டுபிடிப்புகளுக்கும் நம் பட்டறைகளில் கடைந்த இந்த இரும்புக் கால்களே அடித்தளம். இந்திய அறிவியலின் சாதனைகளை எண்ணும்போது இவற்றையும் பெருமையோடு சேர்த்து எண்ணவேண்டும்.